ஐந்து வாரம் கப்பலில்: ரைஸ் குக்கர் வேண்டாம், கடிகாரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிறோம். லண்டனில் இருக்கும் மகள், சிங்கப்பூரிலிருந்து சவுத்ஹாம்ப்டன் வரை கப்பலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொழும்பு, மொரிஷியஸ், கேப் டவுன் வழியாக ஐந்து வாரப் பயணம். இருவருக்கும் இனிப்பு நீர். அவர் இன்சுலின் போடுகிறார். நான் சைவம். அத்தனை நாள் ஒரு சின்ன அறையில் எப்படி இருப்பது, பகலெல்லாம் என்ன செய்வது? ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?

பதில்: அம்மா, முதலில் ரைஸ் குக்கர் கதையை முடித்துவிடுவோம். கொண்டு போகக்கூடாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி என்று சூடாகும் சாமான் எதுவாக இருந்தாலும் பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். இறங்கும்போதுதான் கைக்கு வரும். நடுக்கடலில் பொம்பா (தீயணைப்பு) வண்டி வராது அல்லவா, தீ என்றால் கப்பல்காரர்களுக்கு அவ்வளவு பயம். அதனால் அறையில் விளக்கேற்றவும் முடியாது, ஊதுபத்தி, கற்பூரமும் கூடாது. ஒரு சின்ன சாமி படமும் பேட்டரி விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அறையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அறை மூன்று நாளில் பழகிவிடும். எனக்குக் கவலை நேரத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான்.

மலேசிய நேரத்துக்கும் இங்கிலாந்து நேரத்துக்கும் கோடையில் 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி வித்தியாசம். விமானத்தில் போனால் அது ஒரே நாளில் தாக்கும். கப்பலில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்: சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளச் சொல்லி முந்தின நாளே அறிவிப்பு வரும். தூங்குவதற்கு ஒரு மணி கூடுதலாகக் கிடைக்கிறதே என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த நாளுக்கு 25 மணி நேரம். ஊசி போடுகிறவருக்கு அது சும்மா விஷயமில்லை. பயண அட்டவணையை அச்செடுத்துக் கிளினிக் டாக்டரிடம் காட்டி, நேரம் மாறும் நாள்களில் ஊசியை எப்படி நகர்த்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வாரத்துக்கு மேலேயே வரும்படி மருந்தையும், மருந்துகளின் பொதுப் பெயர் போட்ட கடிதத்தையும் அப்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும். பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலைகூட ஆகலாம். அறையில் உள்ள குட்டி பிரிட்ஜ் பல கப்பல்களில் பானத்தைக் குளிர வைப்பதோடு சரி, மருந்துக்கு நம்ப முடியாது. மருந்து வைக்கத் தனி பிரிட்ஜும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பாவும் வேண்டும் என்று ஏஜென்ட் மூலம் முன்பே எழுதிக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

சைவச் சாப்பாடும் அப்படித்தான். டிக்கெட் எடுத்த இடத்திலேயே பதிவு செய்யுங்கள். முதல் நாள் இரவு சாப்பாட்டுக் கூடத்தில் தலைமை வெயிட்டரைப் பார்த்து, சூப்பிலும் சாஸிலும் மீன், இறைச்சிச் சாறு கூடாது என்று சொல்லிவிடுங்கள். தினமும் ஒரே மேசை கேளுங்கள். கப்பல் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த காலத்தில் நான் கண்டது இது: மேசை மாறிக்கொண்டே இருப்பவர்கள் தினமும் புகார் கொண்டுவருவார்கள், ஒரே மேசைக்காரர்களுக்கு மூன்றாம் நாளே வெயிட்டர் கேட்காமல் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைப்பார். சமையலறையில் இந்தியர்களும் அறை வேலையில் இந்தோனேசியர்களும் நிறைய பேர் இருப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மலாயில் பேசிப் பாருங்கள், அந்த முகம் மலர்வதைப் பார்க்கவேண்டுமே! பேக்கெட்டில் அடைத்த சம்பல், ஊறுகாய் எடுத்துப் போகலாம், கரைக்கு மட்டும் கொண்டு இறங்காதீர்கள். பஃபேயில் எந்நேரமும் கேக் இருக்கும். ஐயாவை அந்தப் பக்கம் தனியாக அனுப்பவேண்டாம்.

அறையில் இரண்டு விஷயம். சுவர் பெரும்பாலும் இரும்பு; ஹார்ட்வேர் கடையில் காந்தக் கொக்கி ஐந்தாறு வாங்கிப் போனால் தொப்பி, மருந்துப் பை, ஈரத்துண்டு எல்லாம் தொங்கும். கழிப்பறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குவளை கட்டாயம். நம் மூன்று முள் பிளக்கும் சேராமல் போகலாம், இரண்டு முள்ளுக்கான அடாப்டர் வையுங்கள்.

ஏறிய அன்றே அவசரகாலப் பயிற்சி உண்டு. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறிய பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே அது முடிந்தாக வேண்டும். ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் உங்களுக்குச் சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். தோட்டத்துப் பெரட்டு (காலையில் பேர் பதியும் வரிசை) மாதிரிதான், இந்த முறை ஐயா பேர் கொடுக்கிற வரிசையில்!

மொரிஷியஸ் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்முனை வரை கடல் முரட்டுத்தனமாக இருக்கலாம். அறை இன்னும் மாற்ற முடியுமானால் நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேளுங்கள்; ஆட்டம் அங்கே குறைவு. தலைசுற்றல் மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் போட்டால்தான் வேலை செய்யும், தூக்கமும் வரும். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று அதே டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்ட பிறகு வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை இறங்கிவிடும். "கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகும்" என்று இருக்காமல் உடனே கப்பல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பில் பெரிதாக வரும்; அதற்குத்தான் பயணக் காப்புறுதி.

கொழும்பிலிருந்து மொரிஷியஸ் போக நான்கைந்து நாள் கரையே தெரியாது. மறுநாள் நிகழ்ச்சித் தாள் முந்தின இரவே அறைக்கு வரும். அதில் இரண்டுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர்கள் பத்தாம் நாள் சலித்துப்போவார்கள். விடிந்ததும் மேல்தளத்தில் நடை. பல கப்பல்களில் மதியம் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், கடல் ஆழம் சொல்வார். ஒரு தடித்த கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து ஐயாவை அதைத் தேதிவாரியாகப் பதியச் சொல்லுங்கள். பழைய கிராணிக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

போர்ட் லூயிஸில் இறங்கினால் மொரிஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கிப் பாருங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கும். கரையில் சுற்றும்போது கைக்கடிகாரம் கப்பல் நேரத்தில்தான் இருக்கட்டும், கைப்பேசி தானாக மாறிவிடும். கடலில் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் பில்லைப் பார்த்து மகள் மயங்கி விழுவாள். டிப்ஸ் என்று தினமும் ஆளுக்கு ஒரு தொகை தானாக ஏறும், டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

ஏறும் நாளன்று காலையில் ஈப்போவில் பஸ் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். முதல் நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள். வழியில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதியை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்துக்கு மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் 2025 ஜனவரியிலிருந்து இடிஏ என்ற முன் அனுமதியை ஆன்லைனில் எடுக்கவேண்டும். அதை மகளையே போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.