குயில்ட்டின் மேல் தையல் எடுப்பாகத் தெரிய எந்த நூல் ஏற்றது?

துணிகளை இணைக்கப் பயன்படுத்திய அதே நூலால், குயில்ட்டின் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) மேல் தையல் இயந்திரத்தில் அலங்காரத் தையல் போட்டால் அது துணிக்குள் அமுங்கிவிடுகிறதே, என்ன நூல் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது நூலின் பருமன் எண். இந்த எண் குறையக் குறைய நூல் தடிமனாகும். துண்டுகளை இணைக்கப் பெரும்பாலும் பயன்படும் 50 எண் நூல் மெல்லியது என்பதால்தான் அது துணியோடு கலந்து மறைகிறது. 40 ஓரளவு தெரியும், 30 அல்லது 28 தெளிவாகத் தெரியும், 12 எண் நூலோ கையால் போட்ட பூத்தையல் போலப் புடைத்து நிற்கும்.

தடித்த நூலைச் சாதாரண ஊசியில் கோத்தால், கண் வழியே உரசி உரசிப் பிரிந்து அறுந்துபோகும். அறுபடும்போது பலரும் நூலைத்தான் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி ஊசியே. 30 எண் நூலுக்கு 90/14, 12 எண் நூலுக்கு 100/16 அளவில், கண் அகன்ற டாப்ஸ்டிட்ச் ஊசியைப் போடுங்கள். பாபினில் (இயந்திரத்தின் அடிநூல் சுற்றும் சிறு உருளை) 50 அல்லது 60 எண் மெல்லிய நூலே போதும். மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, சற்றுத் தளர்த்தி, தையல் நீளத்தை 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை கூட்டினால்தான் தடித்த நூல் நெருக்கியடிக்காமல் அழகாகப் படியும்.

பளபளப்பு வேண்டுமானால் பாலியெஸ்டர், மங்கலான மென்மை வேண்டுமானால் பருத்தி. ரேயான் மினுங்கினாலும் வலுக் குறைந்தது, ஆகவே அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு அதை நான் தேர்ந்தெடுப்பதில்லை. ஊசியில் நுழையவே நுழையாத நூலைப் பாபினில் சுற்றி, குயில்ட்டைக் கவிழ்த்துப் பின்புறத்திலிருந்து தைக்கும் வழியும் உண்டு. எதுவானாலும், அதே துணியும் அதே பஞ்சும் வைத்த சிறு துண்டில் முதலில் தைத்துப் பாருங்கள்.