1,200 இசைத்தட்டுக்கு 6,000 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், தெம்பனிசில் காலமான ஒருவரின் இசைத்தட்டுகளைக் குடும்பத்தார் மொத்தமாக விற்கிறார்கள். எல்பி (பெரிய தட்டு) 650, ஈபி (சில பாட்டு மட்டும் உள்ள சிறிய தட்டு) 400, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 தட்டு 150 இருக்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாம் கலந்திருக்கிறது. “ஒரு தட்டு 5 வெள்ளிதானே” என்று 6,000 வெள்ளி சொல்கிறார்கள். வாங்கிப் பிரித்து விற்றால் கட்டுமா?

பதில்: அந்த 5 வெள்ளிக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். இப்படிப்பட்ட தொகுப்பில் நல்ல பணம் பெரும்பாலும் ஐம்பது, அறுபது தட்டில்தான் இருக்கும். அவை இருக்கின்றனவா, என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் எந்த விலையும் சொல்லாதீர்கள்.

போய்ப் பார்க்கும்போது இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்யுங்கள். முதலில் எல்லாத் தட்டுகளையும் கையால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். ஈபி உறையில் முதுகெழுத்து கிடையாது, அடுக்கைத் தூரத்தில் நின்று பார்த்துப் பயனில்லை. கவனத்தை இழுப்பவற்றைப் படம் எடுங்கள்: அட்டை, இரு பக்க லேபிள், லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறப்பட்டிருக்கும் எண். எந்த அச்சு என்பதை அட்டையைவிட அந்த எண்தான் சரியாகச் சொல்லும். மறுஅச்சிலும் பழைய அட்டையே வந்திருக்கலாம். லேபிள் எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். வீட்டில் பல ஆண்டு புழங்கிய தொகுப்பில் தட்டு ஒன்று, உறை இன்னொன்று என்று மாறிக் கிடப்பது சாதாரணம்.

இரண்டாவது வேலை மாதிரி எடுப்பது. ஒவ்வோர் இருபதாவது தட்டையும், நல்லதோ கெட்டதோ, உருவி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 1,200க்கு 60 தட்டு. அதில் 20க்கு மேல் ஆழமான கீறலோ பூஞ்சணமோ இருந்தால், நீங்கள் போட்டு வைத்த மதிப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

எதைத் தேடுவது? 1960களில் இங்கே வெளிவந்த பாப் இசை ஈபிகளைப் படம் போட்ட உறையோடு பார்த்தால் நிதானமாகப் பாருங்கள். கொலம்பியா லேபிளில் வந்த ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் தட்டுகள் அந்த வகை. பழைய மலாய்த் திரைப்பட ஈபிகளுக்கும் இங்கும் மலேசியாவிலும் ஆள் உண்டு. தமிழில் இன்ரிகோ, எக்கோ லேபிள்களில் வந்த இளையராஜா எல்பிகளை விசாரிப்பவர்கள் நிறைய. 1980களில் கேசட் வந்து விற்பனையை எடுத்துக்கொண்டதால், அந்தக் காலத்தின் பிற்பகுதித் தட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. எதிர்ப்பக்கத்தில், எச்எம்வி 1963இல் வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்தைப் பார்த்ததும் கை பரபரக்க வேண்டாம். அருமையான தட்டு, ஆனால் பல முறை அச்சிடப்பட்டு வீட்டுக்கு வீடு இருந்தது. அரிதானால்தான் விலை, நல்ல இசை என்பதற்காக விலை ஏறுவதில்லை.

இனிக் கணக்கு. பார்த்து முடித்தபின் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: சராசரி 60 வெள்ளிக்குப் போகும் தட்டு 50 (3,000 வெள்ளி), 10 வெள்ளிக்குப் போவது 300 (3,000 வெள்ளி), மிச்சம் 850 தட்டுக்கு ஒரு வெள்ளி வீதம் (850 வெள்ளி). மொத்தம் 6,850. முதல் இரண்டு வகையை இசைத்தட்டு விற்கும் இணையச் சந்தையான டிஸ்காக்சில் விற்றால் 9 விழுக்காட்டுக் கட்டணம் 540 வெள்ளி. 6,000 கொடுத்து வாங்கியிருந்தால் கையில் மிஞ்சுவது 310. அதற்குள் உறை, அட்டைப்பெட்டி, லாரி வாடகை, மாதக்கணக்கான உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். கட்டாது. இந்தக் கணக்குக்கு 2,500 முதல் 2,700 வெள்ளி வரை சொல்லலாம். டிஸ்காக்சில் விலை பார்க்கும்போது விற்பவர்கள் கேட்கும் விலையை விடுங்கள், உண்மையில் விற்றுமுடிந்த விலைகளின் நடுமதிப்பை எடுங்கள்.

அவர்கள் இறங்கி வரவில்லையென்றால், வேண்டிய ஐம்பது அறுபது தட்டுகளை மட்டும் தனி விலை பேசி வாங்குங்கள். அப்போது எது மதிப்புள்ளது என்று குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். துக்க வீட்டில் அறியாமையைக் காசாக்குவது தவறு.

எடையையும் நினைவில் வையுங்கள். அட்டையோடு ஓர் எல்பி சுமார் 250 கிராம். 650 எல்பி மட்டும் 160 கிலோ. ஒரு பெட்டியில் 60க்கு மேல் வேண்டாம், நிற்க வைத்தே அடுக்குங்கள். 78 தட்டுகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள், அவை கண்ணாடிபோல் உடையும்.

கேள்வி: வாங்கிய பெட்டிகளில் பூஞ்சண வாடை. பிளாஸ்டிக் உறையில் இருந்த சில தட்டுகளில் துடைத்தாலும் போகாத வெண்படலம். என்ன செய்வது?

பதில்: இரண்டும் வேறு வேறு. பூஞ்சணம் போகும். அந்த வெண்படலம் பெரும்பாலும் பிவிசி உறை நம் ஊர்ச் சூட்டில் கசிந்து தட்டோடு வினைபுரிந்ததால் வருவது. அது தட்டிலேயே பதிந்துவிட்டது, கழுவினால் போகாது. தொடர்ந்து சரசரப்பு கேட்கும். மற்றத் தட்டுகளை இன்றே அந்த உறைகளிலிருந்து எடுத்து பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள்.

பூஞ்சணத் தட்டுகளை மற்றவற்றிடமிருந்து பிரித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். உள்ளே இருக்கும் காகித உறையை எறிந்துவிடுங்கள். ஒரு லிட்டர் வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் சில துளி. மென்மையான துணியால் கோடுகள் போகும் திசையிலேயே துடைத்து, பிறகு வெறும் வடிநீரில் இன்னொரு முறை. குழாய்த் தண்ணீர் காயும்போது உப்பைக் கோடுகளுக்குள் விட்டுவிடும். லேபிளில் ஈரம் படக்கூடாது. நன்றாகக் காய்ந்தபின்தான் புது உறை. 78 தட்டில் ஆல்கஹால் கலந்த எதையும் தொடாதீர்கள். அது ஷெல்லாக் என்னும் அரக்கு, ஆல்கஹாலில் கரையும். ஊற வைக்கவும் கூடாது.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டருகே இருந்தால் பூஞ்சணம் திரும்பாது. அதற்கு ஈரம் நீக்கும் கருவி வாங்குவது வீண்செலவு அல்ல.

கேள்வி: என் 78 தட்டுகளைச் சாதாரண டர்ன்டேபிளில் போடலாமா?

பதில்: வேகம் 78 இருந்தால் மட்டும் போதாது. எல்பி ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான், 78க்கு 75 மைக்ரான் வேண்டும். சிறிய ஊசி கோட்டின் அடியில் உரசி இரைச்சல்தான் தரும். ஊசி மாற்றக்கூடிய கருவியாகப் பாருங்கள். மாற்றிப் போட்ட 78 ஊசியோடு மறந்தும் எல்பியைப் போடாதீர்கள்.

கேள்வி: விற்கும்போது தட்டின் தரத்தை எப்படிக் குறிப்பது? “நல்ல நிலை” என்று போட்டால் வாங்கியவர் திருப்பி அனுப்புகிறார்.

பதில்: “நல்ல நிலை” என்பது ஆளுக்கு ஆள் மாறும். உலகமெங்கும் பழகிய கோல்ட்மைன் இதழின் தரவரிசையில் (மின்ட், வெரி குட் எனப் படிப்படியாக இறங்குவது) தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று இரண்டாகக் குறியுங்கள். ஆனால் கண்ணால் மட்டும் தரம் போட்டால் ஏமாறுவீர்கள். நகத்தை லேசாக ஓட்டுங்கள். கீறல் நகத்தில் தட்டினால் ஒலியிலும் தட்டும். 33⅓ வேகத்தில் அந்த ‘டக்’ 1.8 விநாடிக்கு ஒருமுறை வரும், எத்தனை முறை வருகிறது என்று எண்ணி விளம்பரத்தில் எழுதிவிடுங்கள்.

தேய்மானம் இன்னும் தந்திரமானது. வானொலியும் தட்டு ஓட்டும் கருவியும் சேர்ந்த பழைய ரேடியோகிராமின் கனமான, தேய்ந்த ஊசியில் ஓடிய தட்டு பார்க்கப் பளபளப்பாகவே இருக்கலாம். லேபிள் நடுவில் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் அடிக்கடி போட்ட தட்டு. அப்போது பக்கத்தின் கடைசிப் பாட்டை, குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கேளுங்கள். கரகரத்தால் ஒரு தரம் இறக்குங்கள். 20 வெள்ளிக்கு மேல் விலை வைக்கும் எதையும் ஓடவிட்டுக் கேட்காமல் விற்காதீர்கள். அனுப்பும்போது தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டையின் பின்னால் வையுங்கள். உள்ளேயே வைத்தால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

கேள்வி: பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் ஒருவரிடம் 380 வெள்ளிக்கு 12 எல்பி வாங்கினேன். “கீறலே இல்லை” என்றார். ஐந்து தட்டு தாண்டித் தாண்டிப் பாடுகிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. தொழிலாக விற்பவர் என்றால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன்’ சட்டம் உங்களுக்குத் துணை. பழைய பொருளுக்கும் அது பொருந்தும், வயதுக்கேற்ற நிலையைத்தான் எதிர்பார்க்கலாம் என்றாலும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

வீட்டில் இருந்ததை விற்ற தனியாள் என்றால் அந்தச் சட்டம் வராது. ஆனாலும் அவர் எழுதிச் சொன்னது பொய் என்று காட்ட முடிந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி, காலக்கெடு இரண்டு ஆண்டு. முதலில் அவருக்கே எழுதுங்கள்: எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு. ஊசி தாண்டுவதைக் காணொளி எடுத்து அனுப்புங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் அவர் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய ரசீதும் இருக்கட்டும். அதற்கும் முன், அதே தட்டுகளை வேறொரு டர்ன்டேபிளில் போட்டுப் பாருங்கள். ஊசியின் அழுத்தம் குறைவாக இருந்தால் நல்ல தட்டும் தாண்டும்.