கேட்க மட்டுமே முடிந்த அரசு: அமெரிக்காவின் முதல் மத்திய ஆட்சி பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முன்பு அந்த நாட்டை நடத்திய மத்திய அரசு பற்றிக் கேள்விகள் கேட்கலாம் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி. பல ஆண்டுகளாக நான் விரும்பிப் படித்துவரும் காலம் இது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சுதந்திரப் பிரகடனம் 1776இல் வந்தது. வாஷிங்டன் ஜனாதிபதி ஆனது 1789இல். இடைப்பட்ட 13 ஆண்டுகள் நாட்டை யார் ஆண்டார்கள்?

காங்கிரஸ் என்ற பேரவை. ஆண்டது என்று சொல்வதைவிட, ஒருங்கிணைக்கப் பார்த்தது என்று சொல்லலாம்.

பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர் தொடங்கும்போதே 13 காலனிகளின் பிரதிநிதிகளும் கூடும் பேரவை ஒன்று இருந்தது. 1776 ஜூனில், சுதந்திரம் பற்றிய விவாதம் நடக்கும்போதே, இந்தக் கூட்டுக்கு எழுத்து வடிவம் கொடுக்க ஒரு குழு போட்டார்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன் முதல் வரைவை எழுதினார். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.) வெட்டல், ஒட்டல் எல்லாம் முடிந்து 1777 நவம்பர் 15 அன்று காங்கிரஸ் அதை ஏற்றது. இதுதான் கூட்டமைப்பு விதிகள். ஆனால் 13 மாநிலங்களும் ஒப்பினால்தான் அது நடைமுறைக்கு வரும். மேற்கே உள்ள பரந்த நிலங்களுக்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் உரிமை கொண்டாடின. அவற்றைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தால்தான் கையெழுத்து என்று மேரிலாந்து விடாப்பிடியாக நின்றது. அது இறங்கி வந்தது 1781 மார்ச் 1 அன்று. ஆக, போரின் பெரும்பகுதி முறையான ஒப்புதல் பெறாத ஓர் ஏற்பாட்டின் கீழ்தான் நடந்தது.

கேள்வி: அவ்வளவு படித்த தலைவர்கள் ஏன் இப்படிப் பலவீனமான ஓர் அரசை உருவாக்கினார்கள்? அனுபவக் குறைவா?

அனுபவம்தான் காரணம் என்று நான் சொல்வேன். லண்டனில் உட்கார்ந்திருந்த நாடாளுமன்றம் 1765இல் முத்திரை வரி போட்டது, அப்புறம் தேயிலை வரி, அப்புறம் படைகள். தங்கள் பிரதிநிதி இல்லாத தூரத்து அரசு தங்கள் பையில் கை வைக்கிறது என்பதற்காகத்தான் துப்பாக்கியே எடுத்தார்கள். அந்தப் போர் முடியும் முன்பே அதே அதிகாரத்தை இன்னொரு மத்திய அரசிடம் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

டிக்கின்சனின் வரைவில் மத்திய அரசுக்கு இதைவிடக் கூடுதல் இடம் இருந்தது. வட கரோலினாவின் தாமஸ் பர்க் போன்றவர்கள்தான் அதைக் குறைத்து, ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்ற இரண்டாம் விதியை நுழைத்தார்கள். மூன்றாம் விதி இந்த ஏற்பாட்டை நட்பின் கூட்டணி என்றே சொல்கிறது. அவர்கள் ஒரு நாட்டுக்கு அரசு அமைக்கவில்லை. 13 நாடுகள் சேர்ந்த ஓர் அணியை அமைத்தார்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கேள்வி: வரி போட அதிகாரம் இல்லை என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? விரிவாகச் சொல்லுங்கள். (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

விரிவாகவே சொல்கிறேன். எல்லாப் பலவீனத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் நோட்டு அச்சடித்தார்கள். கையில் தங்கமோ வெள்ளியோ இல்லாமல் கோடிக்கணக்கான காகித டாலர்கள். மதிப்பு சரிந்துகொண்டே போய், 1780 மார்ச்சில் 40 காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்குச் சமம் என்று காங்கிரஸே அறிவிக்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகும் வீழ்ச்சி நிற்கவில்லை.

இரண்டாவது வழி கடன். பிரான்ஸ் கொடுத்தது. 1782இல் ஜான் ஆடம்ஸ் டச்சு வங்கியாளர்களிடம் வாங்கினார். 1785இல் பிரான்சுக்குக் கட்ட வேண்டிய வட்டியே நின்றுபோனது.

மூன்றாவது, மாநிலங்களிடம் கேட்பது. எட்டாம் விதிப்படி, அந்தந்த மாநிலத்தின் நிலம், கட்டடங்களின் மதிப்பைப் பார்த்துப் பங்கு பிரிக்க வேண்டும். பிரித்துக் கடிதம் எழுதுவதோடு காங்கிரஸின் வேலை முடிந்தது. மாநிலம் கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் அபராதம் இல்லை, வழக்கு இல்லை, ஜப்தி இல்லை. 1782ஆம் ஆண்டுச் செலவுக்கு 80 லட்சம் டாலர் கேட்டார்கள். அந்த ஆண்டில் வந்து சேர்ந்தது சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம். பிரிட்டிஷ் படை சரணடைந்த யார்க்டவுனில் வெற்றி கிடைத்த மறு ஆண்டின் நிலை இது! நிதிப் பொறுப்பில் இருந்த ராபர்ட் மாரிஸ் திறமையான வணிகர். தன் சொந்தக் கையெழுத்தின் பேரில் பத்திரம் கொடுத்தெல்லாம் சமாளித்துப் பார்த்தார். 1784இல் பதவியை விட்டே போய்விட்டார்.

அதே நண்பரின் அடுத்த கேள்வி: விதியைத் திருத்தி வரி அதிகாரம் வாங்கியிருக்கலாமே?

முயன்றார்கள், இரண்டு முறை. 1781இல் இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதச் சுங்கம் மட்டும் கேட்டார்கள். 12 மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவத்தில் சம்மதித்தன. 1782 நவம்பரில் ரோட் ஐலண்ட் சட்டமன்றம் ஒருமனதாக மறுத்தது. நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலம் அது. துறைமுக வருமானம்தான் அதன் பிழைப்பு, எனவே அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மறுப்பு மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டது. அடுத்த மாதமே வர்ஜீனியாவும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது.

1783இல் மறுபடி கேட்டார்கள். 25 ஆண்டுகளுக்கு மட்டும், வசூலிக்கும் அதிகாரிகளை மாநிலங்களே நியமிக்கலாம் என்றெல்லாம் இறங்கிவந்து கேட்டார்கள். இந்த முறை தடுத்தது நியூயார்க். காங்கிரஸ் ஏற்க முடியாத நிபந்தனைகளோடு 1786இல் ஒரு சட்டம் போட்டது. 13ஆம் விதி அப்படி: எந்தத் திருத்தத்துக்கும் 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியையே அந்த அமைப்பு அடைத்து வைத்திருந்தது. எனக்கு இந்தக் காலத்தில் மிகவும் மனம் நோகும் இடம் இதுதான். நோய் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், மருந்தும் தெரியும். கொடுக்க முடியவில்லை.

அதே 1783இல் இன்னொரு திருத்தமும் வந்தது: பங்கை நில மதிப்புக்குப் பதில் மக்கள்தொகைப்படி பிரிக்கலாம், அடிமைகளில் ஐந்துக்கு மூன்று பேரைக் கணக்கில் எடுக்கலாம் என்று. அதுவும் நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கொடுமையான ஐந்தில் மூன்று கணக்கு அங்கிருந்துதான் 1787 அரசியல் சட்டத்துக்குள் வந்தது.

கேள்வி: முதல் ஜனாதிபதி வாஷிங்டன் இல்லை, ஜான் ஹான்சன்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. ஹான்சன் 1781 நவம்பரிலிருந்து ஓராண்டு காங்கிரஸின் தலைவராக இருந்தார், அவ்வளவுதான். அது சபையை நடத்தும் பதவி, ஆட்சித் தலைமை அல்ல. விதிகளின்படி தனி ஆட்சித் துறையும் இல்லை, நாடு முழுமைக்குமான நீதிமன்ற அமைப்பும் இல்லை. மேலும், விதிகள் அமலுக்கு வந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் சாமுவேல் ஹன்டிங்டன்.

கேள்வி: போரில் ஜெயித்த ராணுவத்துக்கே சம்பளம் கொடுக்கவில்லை என்கிறார்களே?

உண்மை. 1783 மார்ச்சில் நியூயார்க்கின் நியூபர்க் முகாமில் அதிகாரிகள் கொதித்துப்போயிருந்தார்கள். 1780இல் வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியம் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது. ஆயுதத்தைக் கீழே வைக்காமல் காங்கிரஸை மிரட்டலாம் என்று பெயரில்லாக் கடிதங்கள் சுற்றின. மார்ச் 15 அன்று படைத் தளபதி வாஷிங்டன் நேரில் வந்து பேசினார். ஒரு கடிதத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டியபோது, நாட்டுக்கு உழைத்து நரைத்ததோடு கண்பார்வையும் மங்கிவிட்டது என்று சொன்னாராம். அதோடு எதிர்ப்பு கரைந்தது. ஒரு மனிதரின் மரியாதை காப்பாற்றியது, அரசின் பலம் அல்ல.

ஜூனில் அந்த மரியாதையும் பக்கத்தில் இல்லை. சம்பளம் கேட்டு சுமார் 400 வீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காங்கிரஸுக்கென்று ஒரு காவலர் கூடக் கிடையாது. மாநிலப் படையை அழைக்குமாறு பென்சில்வேனியா அரசிடம் கெஞ்சினார்கள். படையை அழைக்க மறுத்த அந்த மாநில ஆட்சிக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதிய அதே டிக்கின்சன். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு ஓடியது. பிறகு அன்னாபொலிஸ், ட்ரென்டன், கடைசியில் 1785இல் நியூயார்க். ஒரு நாட்டின் பேரவை ஊர் ஊராக அலைந்தது.

கேள்வி: வெளிநாடுகள் இந்த அரசை மதித்தனவா?

பிரிட்டனுடனான போரை முடித்த பாரிஸ் ஒப்பந்தத்தின் கதையைச் சொன்னால் போதும். 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தானது. 6 மாதத்துக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒப்பந்தங்களுக்கு 9 மாநிலங்களின் வாக்கு தேவை. அன்னாபொலிஸில் காங்கிரஸ் கூடியபோது 7 மாநிலங்கள்தான் வந்திருந்தன. ஒரு மாநிலத்தின் வாக்கு செல்ல, குறைந்தது 2 பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதும் விதி. தென் கரோலினாவின் இரண்டாவது பிரதிநிதி பிலடெல்பியாவில் உடம்பு முடியாமல் படுத்திருந்தார். கனெக்டிகட் ஆட்கள் வந்துசேர, அவரும் நோயோடு பயணம் செய்துவர, 1784 ஜனவரி 14 அன்று ஒருவழியாக ஒப்புதல் ஆனது. சுதந்திரத்தையே உறுதிசெய்யும் ஒப்பந்தத்துக்கு இந்தப் பாடு!

அப்புறமும் சிக்கல். பிரிட்டிஷ் வணிகர்களின் பழைய கடன்களை வசூலிக்கத் தடை செய்யக்கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் கேட்கவில்லை. அதைக் காரணம் காட்டி டெட்ராய்ட், நயாகரா போன்ற கோட்டைகளை பிரிட்டன் காலி செய்ய மறுத்து, 1796 வரை வைத்திருந்தது. மேற்கிந்தியத் தீவுத் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடியது. பதிலுக்குச் சுங்கம் போடக் காங்கிரஸுக்கு வணிக அதிகாரம் இல்லை. 1784இல் ஸ்பெயின் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை மூடியது. 1785இல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர்கள் 2 கப்பல்களைப் பிடித்து, 21 மாலுமிகளைச் சிறைப்படுத்தினார்கள். மீட்க கடற்படை இல்லை. கடைசிப் போர்க்கப்பலையும் அதே ஆண்டு விற்றுவிட்டார்கள். அந்த மாலுமிகளில் உயிர்பிழைத்திருந்த பலர் வீடு திரும்பியது 1796 வாக்கில்தான்.

கேள்வி: மாநிலங்களுக்குள்ளேயே சுங்கம் வசூலித்தார்களா?

வசூலித்தார்கள். நியூ ஜெர்சியும் கனெக்டிகட்டும் பெரும்பாலும் நியூயார்க் துறைமுகத்தை நம்பியிருந்தன. அதன் சுங்கம் முழுவதும் நியூயார்க் கஜானாவுக்குப் போனது. வெறுத்துப்போன நியூ ஜெர்சி, 1786இல் காங்கிரஸுக்குத் தர வேண்டிய பங்கைத் தர முடியாது என்று அறிவித்தது.

கேள்வி: ஷேஸ் கிளர்ச்சியால்தான் புதிய அரசியல் சட்டம் வந்தது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். சரியா? (கல்லூரி மாணவி)

பாதி சரி, அம்மா. மசாசூசெட்ஸ் மாநிலம் தன் போர்க்கடனை அடைக்க வரியைக் காசாகக் கேட்டது. மேற்குப் பகுதி விவசாயிகளிடம் காசு ஏது? நிலம் போனது, கடனாளிகள் சிறைக்குப் போனார்கள். 1786 ஆகஸ்டிலிருந்து அவர்கள் நீதிமன்றங்களை மறித்தார்கள். முன்னாள் போர்வீரர் டேனியல் ஷேஸ் முக்கியத் தலைவர்களில் ஒருவர். 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தபோது பீரங்கி சுட்டது, 4 பேர் இறந்தார்கள். அவர்களை வெறும் கலகக்காரர்கள் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அவர்களின் குறை உண்மையானது.

காங்கிரஸ் 1,340 வீரர்களைத் திரட்டத் தீர்மானித்தது, அதுவும் பழங்குடிகளின் தாக்குதலைச் சமாளிக்க என்று வெளியே சொல்லிக்கொண்டு. வர்ஜீனியா தவிர யாரும் பணம் தர முன்வரவில்லை. கிளர்ச்சியை அடக்கிய மாநிலப் படைக்குப் பாஸ்டன் செல்வந்தர்கள் கைக்காசு போட்டார்கள். இது பலரைப் பயமுறுத்தியது, வாஷிங்டனையும் சேர்த்து. ஆனால் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டுக்கான அழைப்பு 1786 செப்டம்பரிலேயே, 5 மாநிலங்கள் மட்டும் வந்த அன்னாபொலிஸ் கூட்டத்திலிருந்து போய்விட்டது. எரிந்துகொண்டிருந்த கவலைக்கு ஷேஸ் கிளர்ச்சி வேகம் கொடுத்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: உருப்படியாக எதுவுமே செய்யவில்லையா?

செய்தது. 1785 நிலச் சட்டம் மேற்கு நிலங்களை 6 மைல் சதுர ஊர்களாக அளந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைப் பள்ளிக்கு ஒதுக்கியது. 1787 ஜூலையில் வந்த வடமேற்குச் சட்டம் இன்னும் பெரியது: 60,000 மக்கள் சேர்ந்த பகுதி, பழைய மாநிலங்களுக்குச் சமமான புது மாநிலமாகலாம், அங்கே அடிமை முறை கூடாது. காலனி வைத்துக்கொள்ளாமல் வளர ஒரு வழி அது. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு என்ன ஆனது என்பது வேறு, துயரமான கதை. அதை மறைத்துவிட்டு இந்தச் சட்டத்தைப் பாராட்டக்கூடாது.

கேள்வி: பெரிய குறை ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால்? (நியூ ஜெர்சியிலிருந்து, குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்)

வரி அதிகாரம் என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பில் அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. காங்கிரஸின் ஆணை மாநில அரசுகளைத்தான் தொட்டது, தனி மனிதரைத் தொடவில்லை. ஒரு மனிதன் வரி கட்டாவிட்டால் வழக்குப் போடலாம். ஒரு மாநிலம் கட்டாவிட்டால்? படை அனுப்ப வேண்டும், அது உள்நாட்டுப் போர். புதிய அரசியல் சட்டத்துக்காக வாதாடிய ஹாமில்டனும் மேடிசனும் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். 1787இல் நடந்த உண்மையான மாற்றம், மத்திய அரசு தன் குடிமக்களோடு நேரடியாகப் பேசத் தொடங்கியதுதான்.

கேள்வி: விதியை மாற்ற 13 மாநிலமும் ஒப்ப வேண்டும். புதிய அரசியல் சட்டமோ 9 மாநிலம் ஒப்பினால் போதும் என்றது. இது சட்டமீறல் இல்லையா?

கறாராகப் பார்த்தால் மீறல்தான். விதிகளைத் திருத்துவதற்கு மட்டும் என்று சொல்லித்தான் 1787 பிப்ரவரியில் காங்கிரஸ் மாநாட்டை அழைத்தது. அவர்கள் பிலடெல்பியாவில் கதவை மூடிக்கொண்டு புதிதாகவே ஒன்றை எழுதிவிட்டார்கள். சட்டமன்றங்களைத் தாண்டி, மக்கள் தேர்ந்தெடுத்த தனி மாநாடுகளில் ஒப்புதல் வாங்கியதால் அது மேலான ஒப்புதல் என்று அவர்கள் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் ஏற்புடையது. ஒருவரே தடுக்கக்கூடிய பூட்டுக்கு வேறு சாவி இருந்ததாகத் தெரியவில்லை.

1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாக ஒப்பியது. ரோட் ஐலண்ட் மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை, வாஷிங்டன் பதவியேற்ற பிறகும் வெளியே நின்றது. 1790 மே மாதம் அதனுடன் வணிகத்தை நிறுத்தும் மசோதாவைப் புதிய செனட் நிறைவேற்றியது. பழைய காங்கிரஸுக்கு இல்லாதிருந்த அதே வணிக அதிகாரம். அந்த மாதம் 29ஆம் தேதி, 34க்கு 32 என்ற வாக்குகளில் ரோட் ஐலண்ட் உள்ளே வந்தது.