பழைய புல்லட்டுக்கு டைமிங்கை அட்வான்ஸ் வைத்தால் இழுவை கூடுமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் அப்பச்சி ஓட்டிய 1988 மாடல் புல்லட் 350 நிற்கிறது. ஏழெட்டு வருடம் பூட்டிக் கிடந்ததை இப்போது எடுத்து ஓட்டுகிறேன். உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இழுவை இல்லை. திருமயம் போய்த் திரும்புவதற்குள் இன்ஜின் கொதிக்கிறது, புகை போகும் பெண்ட் பைப் நீலம் பாய்ந்துவிட்டது. டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, கொஞ்சம் அட்வான்ஸ் (முன்னதாக) வைத்தால் பிக்கப் வரும் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா? தோப்பில் இருக்கும் பெட்ரோல் பம்புசெட்டுக்கும் அப்படிச் செய்யலாமா?

பதில்: மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. உங்கள் வண்டியில் பொறி தாமதமாக விழுகிறது என்றே தோன்றுகிறது. லேசாக ஸ்டார்ட் ஆவது, இழுவை இல்லாதது, சூடு, நீலம் பாய்ந்த பைப், நான்கும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஏன் தாமதமானது என்று பார்க்காமல், டைமிங்கை மாற்றும் பாயிண்ட் பிளேட்டைத் திருப்பினால் அடுத்த உதையில் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி அடி வாங்கி, கணுக்கால் வீங்கி, நானே இரண்டு வாரம் நொண்டியிருக்கிறேன்.

பெட்ரோல் ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. எரிந்து அழுத்தம் உச்சத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிஸ்டன் மேலே தொட்டுவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கியதும், பத்துப் பதினைந்து டிகிரிக்குள் அந்த உச்சம் வந்தால்தான் தள்ளு முழுதாகக் கிடைக்கும். அதனால் பிஸ்டன் மேலே வருமுன்பே பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் ஐந்து டிகிரி சொச்சம்தான் திரும்பும்; 3000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி. வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். புல்லட்டில் அந்த வேலையைச் செய்வது பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ்: இரண்டு எடைக்கட்டிகள், இரண்டு ஸ்பிரிங். சுற்று ஏறினால் எடைகள் விரியும், பாயிண்டைத் திறந்து மூடும் காமை முன்னால் தள்ளும்.

எனக்குச் சந்தேகம் அங்கேதான். ஏழெட்டு வருடம் ஓடாமல் நின்ற வண்டியில் அந்த எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஸ்டார்ட்டுக்கு அது இடைஞ்சல் இல்லை. ஆனால் ஓடும்போது பொறி முந்தவே முந்தாது. இந்த நிலையில் இழுவைக்காக பிளேட்டை அட்வான்ஸ் பக்கம் தள்ளினால், மெதுவான சுற்றிலும் பொறி முந்தியே விழும். கிக்கர் திருப்பி அடிப்பது அதனால்தான். அது போதாதென்று, துரு கழன்று எடைகள் என்றைக்காவது விரிந்தால் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டல்) ஆரம்பிக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழக்கூடத் தயங்காது.

ஆக, முதலில் பிளேட்டைக் கழற்றி எடைகளைக் கையால் விரித்து விடுங்கள். ஸ்பிரிங் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, முளைகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சுருளை வெட்டிச் சுருக்க வேண்டாம்.

அப்புறம் பாயிண்ட்: திறக்கும் கணத்தில் பொறியை விழவைக்கும் தொடுமுனைகள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி மூடிக்குள்ளும் புகும். கறுத்திருந்தால் மெல்லிய எமரியால் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பு. எமரித்தூள் ஒட்டியிருந்தால் திரும்பவும் கறுக்கும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதை டைமிங்குக்கு முன்பே வைத்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். பாயிண்டின் குதிகால் காமில் உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கும். வண்டி நாள்பட நாள்பட ‘சோம்பலாகிவிட்டது’ என்கிறார்களே, அதில் பாதி இந்தத் தேய்மானம்தான். இடைவெளியை மட்டும் சரிசெய்ததுமே இழுவை திரும்பிய வண்டிகள் எத்தனையோ.

இப்போது டைமிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்தால் காற்று தள்ளும், அதுதான் கம்ப்ரஷன். இந்த 350-க்கு, எடைகள் முழுக்க மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கிராங்க் கணக்கில் அது ஏறத்தாழ 10 டிகிரி. சைக்கிள் ஸ்போக்கை விட்டு அளப்பது நம் ஊர் வழக்கம். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் ஸ்போக் காட்டும் அளவு துல்லியமல்ல. அரை மில்லிமீட்டர் தப்பினால் இரண்டு டிகிரிக்கு மேல் தப்பும். டைமிங் அளப்பதற்கென்று இருக்கும் டயல் கேஜை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் நல்லது. எதனால் அளந்தாலும் உச்சியிலிருந்து சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி, பிஸ்டனை மூன்று மில்லிமீட்டர் இறக்கி, திரும்ப முன்னோக்கி வந்து 0.8-இல் நிறுத்துங்கள். பல் சக்கரங்களின் லூஸ் அப்போதுதான் கணக்கில் வராது.

திறக்கும் கணத்தைப் பார்க்க உங்கள் ஹெட்லைட் மேலேயே கருவி இருக்கிறது. லைட்டை அணைத்து இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். உதைக்குமுன் கம்ப்ரஷனை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு உங்கள் அப்பச்சி தினமும் பார்த்த அதே முள்தான். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில் சூடாகும்.

பிளேட்டை, காம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். அதே திசையில் என்றால் ரிட்டார்ட், அதாவது பொறி பிந்தும். காம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பிளேட்டில் ஒரு டிகிரி என்பது கிராங்கில் இரண்டு. நூலளவு நகர்த்தினால் போதும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறக்கும்போது ‘டிக் டிக்’ என்று தட்டினால் ஒரு நூல் ரிட்டார்ட். தட்டவில்லை, ஆனால் சூடு குறையவில்லை என்றால் கார்புரேட்டரைச் சந்தேகியுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் பழைய ஜெட்டில் கலவை மெலிந்து எரியும். டைமிங்கை எவ்வளவு திருப்பினாலும் அந்தச் சூடு போகாது.

பம்புசெட்டில் திருப்ப ஒன்றும் இல்லை. இப்போது வரும் சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம்தான் பொறி நேரத்தைத் தீர்மானிக்கும். கயிறு கையைப் பிடுங்கினாலோ ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தாலோ ஃப்ளைவீலை கிராங்கில் நகராமல் பிடிக்கும் சின்னச் சாவி (கீ எனும் உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் ஆணியை வெட்டி வைக்காதீர்கள். அடி விழும்போது தான் வெட்டுப்பட்டு கிராங்கைக் காப்பாற்றத்தான் அந்தச் சாவியை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள்.

புல்லட்டுக்குப் புதுப் பாயிண்ட் போட்டிருந்தால், 500 கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியை மறுபடி அளந்துவிடுங்கள். புதுக் குதிகால் முதல் ஓட்டத்தில்தான் வேகமாகத் தேயும்.