வாசகர் கேள்வி – பதில்: ஒரு நாளுக்கு ஒரு மலை

கேள்வி: எங்கள் தெருவினர் சுமார் முப்பது பேர், அவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள், வழிகாட்டியுடன் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஏலகிரி, ஜலகம்பாறை அருவி, காவலூர் வானாய்வகம், ஜமுனாமரத்தூர் ஆகிய நான்கையும் ஒரே நாளில் காட்டுவதாக ஏற்பாட்டாளர் ஒருவர் கூறுகிறார். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, காட்பாடி

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். வரைபடத்தில் நான்கு இடங்களும் அருகருகே தெரியும். ஆனால் பேருந்து செல்லும் வழி வேறு. ஜலகம்பாறை ஏலகிரி மலையின் மறுபுறம் இருப்பதால், மலைமேலுள்ள நிலாவூரிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து இறங்குவோர் தவிர மற்றவர்கள், வந்த வழியே அடிவாரத்திலுள்ள பொன்னேரிக்கு இறங்கித் திருப்பத்தூர் பக்கமாகச் சுற்றித்தான் அருவியை அடைய முடியும். மழைக்காலம் கடந்து வெகுநாள் ஆகியிருந்தால் அங்கே தண்ணீரும் குறைவாகவே இருக்கும். காவலூரும் ஜமுனாமரத்தூரும் ஜவ்வாது மலையில் உள்ளவை. அதற்கு ஆலங்காயம் வழியாக மீண்டும் ஒரு மலை ஏற வேண்டும். இந்தத் திட்டப்படி போனால் உங்கள் பெரியவர்கள் பகல் முழுவதையும் இருக்கையிலேயே கழிப்பார்கள்.

ஏலகிரியை மட்டும் தேர்ந்தெடுங்கள். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏறத்தாழ 90 கி.மீ.; காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மேலே இருக்கலாம். மலை சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வேலூரைவிட வெப்பம் பொதுவாக ஐந்தாறு டிகிரி குறையும். புங்கனூர் ஏரியில் படகுச் சவாரி உண்டு. ஏரிக்கரையைச் சுற்றி நிதானமாக நடப்பது முதியவர்களுக்கும் எளிது. ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை என்னும் சிகரத்தின் ஏற்றத்தை, கால்வலு உள்ளவர்கள் மட்டும் காலையிலேயே முடித்துவிடட்டும். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவாறு இரு குழுக்களாகப் பிரிவது நல்லது.

கேள்வி: வழிகாட்டி உண்மையிலேயே தேவையா? ஓட்டுநரே இடங்களைக் காட்டிவிடுவாரே!
— வாசகர், ஆரணி

பதில்: இடத்தை ஓட்டுநரும் காட்டுவார். ஆனால் ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருப்பதைப் பலர் பலகையில் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். பாரிக்குப் பறம்பு மலை, ஓரிக்குக் கொல்லி மலை, ஆய்க்குப் பொதிகை, பேகனுக்குப் பழனி மலை என்று அந்த வள்ளல்கள் மலைநாட்டுத் தலைவர்களாகவே இருந்தவர்கள். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரியாக, இந்த மலைக்கு வெகு தொலைவில் இல்லை. மலைச்சாலை ஒன்றுக்கு இவர்களைவிடப் பொருத்தமான பெயர்கள் இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தந்தப் பெயருக்குரிய கதையைச் சொல்லிக்கொண்டே வரும் வழிகாட்டி கிடைத்தால், அவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. கிடைக்காவிட்டால் உங்கள் குழுவிலுள்ள தமிழாசிரியர் எவரையாவது இப்பணியை ஏற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு மலைப்பாதையில் வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், குடியாத்தம்

பதில்: உடலின் அசைவை உட்செவி ஒருவிதமாகவும் கண் வேறுவிதமாகவும் உணர்வதால்தான் இந்தக் குமட்டல் உண்டாகிறது. ஆகவே முன்வரிசையில் அமர்ந்து, கைப்பேசியைப் பாராமல், தொலைவில் தெரியும் சாலையையே பார்த்து வரச் சொல்லுங்கள். வயிறு நிறைய உண்ணவும் வேண்டாம், வெறும் வயிற்றோடு ஏறவும் வேண்டாம். நான்கைந்து இட்லி போதும். ஆம்பூர்ப் பிரியாணியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் அனுமதித்தால் மாத்திரையை ஏற்றம் தொடங்குவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதும் பயன் தராது.

கேள்வி: காவலூருக்கு என்று தனியே ஒருநாள் ஒதுக்குவது தகுமா?
— வாசகி, வாணியம்பாடி

பதில்: நிச்சயம் தகும். 1986-இல் செயல்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-இல் தெரியவந்தபோது காவலூரில் செய்த பதிவுகளும் அதற்குத் துணைநின்றன. பார்வையாளர்களுக்கு வழக்கமாகச் சனிக்கிழமைகளில்தான் அனுமதி. மேகமூட்டமான மாதங்களைத் தவிர்த்து, முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.