மழை வரைபடத்துக்கு எந்த முறை?

கேள்வி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மழைமானிப் பதிவுகளைக் கொண்டு முதுகலை ஆய்வேட்டுக்காக மழை வரைபடம் தயாரிக்கிறேன். மழைமானி இல்லாத இடங்களின் மழையைக் கணிக்கும் தீசன் பலகோணம், தூர எதிர்விகித முறை, ஸ்ப்லைன், கிரிகிங் ஆகிய நான்கு முறைகளும் நான்கு விதமான படங்களைத் தருகின்றன. எதை நம்புவது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: படத்தின் அழகைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு நிலையத்தின் பதிவை நீக்கிவிட்டு, மற்ற நிலையங்களைக் கொண்டு அவ்விடத்தின் மழையைக் கணித்து, உண்மைப் பதிவோடு ஒப்பிடுங்கள். எல்லா நிலையங்களுக்கும் இதைச் செய்து, எந்த முறையில் பிழை குறைகிறது என்று பாருங்கள்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டரும் அரூரில் 331 மில்லிமீட்டரும் மழை பதிவாயின. ஊத்தங்கரையை நீக்கிவிட்டுத் தூர எதிர்விகித முறையில் கணித்தால், அம்முறை தருவது சுற்றியுள்ள பதிவுகளில் அருகிலுள்ளவற்றுக்குக் கூடுதல் எடை தரும் சராசரி மட்டுமே என்பதால், எஞ்சிய நிலையங்களின் உச்ச அளவை விடை ஒருபோதும் தாண்டாது; நீக்காமல் வரைந்தாலோ, ஊத்தங்கரையைச் சுற்றி மட்டும் வட்டவட்டமாகக் கோடுகள் விழும். பதிவுகளின் வழியே வழவழப்பான வளைபரப்பைப் பொருத்தும் ஸ்ப்லைன் உச்சத்தைத் தாண்டக்கூடும். ஆனால் மழை சட்டென்று குறையும் இடத்தில் சுழியத்துக்கும் கீழே போய்விடும் அபாயம் அதில் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் மிக அருகிலுள்ள நிலையத்தின் பதிவையே தரும், 1911இல் முன்வைக்கப்பட்ட தீசன் முறை, ஆற்றுப்படுகையின் சராசரி மழையைக் கணக்கிட இன்றும் போதுமானது, வரைபடத்துக்கு ஏற்றதல்ல.

தூரத்தோடு பதிவுகள் வேறுபடும் விதத்தைக் கொண்டு எடைகளைத் தீர்மானிக்கும் கிரிகிங்கின் தனிச்சிறப்பு, மதிப்போடு அதன் நிச்சயமின்மையையும் தருவதுதான். ஆயினும் தூரம் கூடக்கூட நிலையங்களின் பதிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வேரியோகிராமை நம்பத்தகுந்த வகையில் வரைய ஏறத்தாழ முப்பது நிலையங்களாவது வேண்டும். அதனால் உங்கள் இரு மாவட்டங்களோடு நின்றுவிடாமல், சேலம், திருப்பத்தூர், திருவண்ணாமலை, எல்லைக்கு அப்பாலுள்ள கர்நாடகப் பகுதி ஆகியவற்றின் பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் வரும் பிழையும் அப்போது குறையும்.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்க, அரூர் அதில் பாதிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஆண்டு சராசரிக்கு உயரத்தையும் துணை மாறியாகச் சேர்த்த கிரிகிங்கை அவசியம் முயலுங்கள். பிழை குறைந்தால் மட்டுமே அதை ஏற்கவேண்டும். ஒரு நாள் புயல் மழைக்கு உயரம் அவ்வளவாக உதவாது. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளின் மதிப்புகளை அடிவார நிலையங்களிலிருந்து மட்டும் கணித்திருந்தால், அதைப் படத்திலேயே குறிப்பிட்டு, மழைமானிகளின் இடங்களையும் புள்ளிகளாகக் காட்டுங்கள்.