வாசனைக்கு மட்டும்

கேள்வி: எங்கள் வீட்டுக்காரருக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வருகிறது. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெரியவர்கள்தான். முட்டை, பால், வெண்ணெய் இல்லாத நனிசைவ கேக் செய்து, வாசனைக்கு மட்டும் கொஞ்சம் ரம் விடலாம் என்று இருக்கிறேன். ஓவனில் வேகும்போது போதை ஆவியாகிவிடும்தானே?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆகாது அம்மணி. கேக்கை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த 'வாசனைக்கு மட்டும்'. கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கும் மாமன் மச்சான்கள் சொல்கிற சொல் அது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

சாராயச்சத்து 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் மாவோடும் ஈரத்தோடும் கலந்துவிட்டால் அவ்வளவு லேசில் விட்டுப் போகாது. ஒரு மணி நேரம் வெந்த பிறகும் ஏறக்குறைய கால் பங்கு தங்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. வெந்து இறக்கிய கேக்கில் குச்சியால் குத்தி ஊற்றினால், ஊற்றியது அத்தனையும் உள்ளேதான்.

என் சித்தப்பா குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். மென்றதைக் கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டு, செருப்பு கூடப் போடாமல் வாசலுக்கு இறங்கிப் போனார். "வாசனைக்குத்தானுங்க கொஞ்சம் விட்டோம்" என்றார்கள் வீட்டுக்காரர்கள். அன்று விடிய விடிய அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். பெரியவர்கள் மட்டும் வருகிற விருந்து என்றாலும், அதில் குடியை விட்டவர் இருப்பார், வண்டி ஓட்டிப் போகிறவர் இருப்பார், மாத்திரை சாப்பிடுகிறவர் இருப்பார். தட்டை நீட்டும்போதே 'இதில் ரம் இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சரி, கேக். கால் கிலோ மைதா, 175 கிராம் நாட்டுச்சர்க்கரை (கவுந்தப்பாடிச் சர்க்கரை பக்கத்திலேயே கிடைக்கிறதே), ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, கால் லிட்டர் தேங்காய்ப் பால், அதில் ஒரு மேசைக்கரண்டி வினிகர், 100 மில்லி தேங்காய் எண்ணெய். வினிகரும் சோடாவும் சேர்ந்து பொங்குவதால் முட்டை இல்லாமலே மாவு எழும்பும். கலந்ததும் தாமதிக்காமல் ஓவனுக்குள் வையுங்கள். ரம் கரும்புப் பாகுக் கழிவில் வடிப்பது, அதில் சிக்கல் இல்லை. ஒயின் என்றால் விசாரித்து வாங்க வேண்டும், முட்டை வெள்ளைக்கருவோ மீன் பசையோ போட்டுத் தெளிய வைப்பதுண்டு. கிரீம் சேர்ந்த மதுவில் பாலே இருக்கும்.

இப்போது எனக்கு நெஞ்சு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாயிற்று, இன்னமும் எழுதுவேன். உங்கள் கேக்கில் பாலும் எண்ணெயும் தென்னை தந்தது. அதே மரத்தின் பாளையில் இறங்கும் கள் மட்டும் 1987 ஜனவரி 1 முதல் குற்றம். 42.8 சதவீத ரம்மை 2003 முதல் அரசே கடை திறந்து விற்கிறது. கள்ளின் வீரியம் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன், ஏனென்றால் அவர்கள் குடியையே எதிர்த்து நின்றவர்கள். புட்டியை வைத்துக்கொண்டு பாளையை மட்டும் தடுப்பதற்குத்தான் பொள்ளாச்சித் தோப்புக்காரர்களுக்கு யாரும் காரணம் சொன்னதில்லை. எங்கள் அமுச்சி ஒரு கை கள் விட்டுத்தான் ஆப்பமாவு புளிக்க வைப்பார். காலையில் சட்டி விளிம்பு வரை பொங்கி நிற்கும். இன்று அப்படிச் செய்தால் அவர் குற்றவாளி.

அதே பாளையில் புளிக்கவிடாமல் இறக்கும் இனிப்புச் சாறான நீராவுக்காவது 2017இல் வழி பிறந்தது. கிடைத்தால் ஒரு லிட்டர் வாங்கி, பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சுங்கள். ரம் விடாமல் இன்னொரு சின்ன கேக் செய்து, சூட்டோடு அதை மேலே ஊற்றி, தனித் தட்டில், மேசையின் மறுகோடியில் வையுங்கள். எங்கள் சித்தப்பா மாதிரி ஆள் யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்.